அடைமழைக்கு வீட்டைத் தயார் செய்வது எப்படி? தாமிரபரணிப் பக்கத்து வீடுகளுக்கு ஒரு செய்முறை

'கர்ணனுக்குப் பிறகு கொடையும் இல்லை, கார்த்திகைக்குப் பிறகு மழையும் இல்லை' என்று பெரியவர்கள் சொல்வார்கள். 2023இல் அந்தக் கணக்கு பொய்த்தது. கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்த அன்றே, டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, வானம் பொத்துக்கொண்டது. மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் பதிவானது. திருநெல்வேலி ஜங்ஷனும் ஆற்றங்கரைத் தெருக்களும் முங்கின. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் ஊர் ஊராகத் துண்டிக்கப்பட்டன. கரண்ட் போனது, பல இடங்களில் போன் டவரும் போனது.

அந்த மழையில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. வீட்டைக் காப்பாற்றும் வேலைகள் எல்லாமே சின்ன வேலைகள்தான். ஆனால் அவற்றை வெளிச்சத்தில், தரை காய்ந்திருக்கும்போது செய்திருக்க வேண்டும். ராத்திரி 2 மணிக்கு முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஒன்றும் செய்ய முடியாது. முதன்முதலாகச் சொந்தமாகக் குடித்தனம் நடத்துபவர்களுக்கும், வெளியூரிலிருந்து இங்கே வாடகைக்கு வந்தவர்களுக்கும், ஊரில் அம்மா அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு வெளியே வேலை பார்ப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எந்த வழியாக வரும்?

எல்லாரும் டார்ச்சும் மெழுகுவத்தியும் வாங்குவதில் ஆரம்பிப்பார்கள். நான் இதில் ஆரம்பிக்கச் சொல்வேன், ஏனென்றால் மற்ற எல்லாம் இதைப் பொறுத்தது.

நம்ம பக்கம் வெள்ளம் மூன்று வழிகளில் வரும். முதலாவது ஆறு. பாபநாசம் (143 அடி), சேர்வலாறு (156 அடி), மணிமுத்தாறு (118 அடி) அணைகள் நிரம்பும் நேரத்தில் மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து பக்கம் மலையில் கொட்டினால், வருகிற தண்ணீரை அப்படியே கீழே விட்டுத்தான் ஆக வேண்டும். வழியில் கடனா நதியும் பச்சையாறும் சேர்ந்துகொள்ளும்; சீவலப்பேரியில் சிற்றாறு சேரும். அதனால் உங்கள் தெருவில் வெயில் அடித்தாலும் ஆற்றில் வெள்ளம் வரலாம். மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் ஆட்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாவது குளம். இதைத்தான் புதிதாக வருகிறவர்கள் கவனிப்பதில்லை. நம்ம குளங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருப்பவை. மேலே உள்ளது நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்கு வரும். மேலே ஒரு கரை உடைந்தால் மொத்தத் தண்ணீரும் ஒரே மூச்சில் கீழே உள்ள குளத்தில் விழும், அதன் கரையும் தாங்காது. இந்த உடைப்பு மழை வெறித்த பிறகு, ஊர் தூங்கும்போதுகூட நடக்கலாம். உங்கள் பிளாட்டுக்கு மேலே எந்தக் குளம் இருக்கிறது, அதன் மறுகால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்துபோய்ப் பாருங்கள். மறுகால் ஓடை இருந்த இடத்தில் வீடு கட்டியிருந்தால், தண்ணீர் பழைய வழியைத் தேடி அங்கேதான் வரும்.

மூன்றாவது, தெரு வாறுகால் (சாக்கடை வாய்க்கால்) அடைத்துக்கொண்டு எதுக்களிப்பது. சேதம் குறைவு, ஆனால் அடிக்கடி வருவது இதுதான்.

எதிர்வீட்டு ஆச்சியிடமோ தெருமுனைக் கடை அண்ணாச்சியிடமோ கேளுங்கள்: '92 வெள்ளத்துல இங்க எதுவரைக்கும் வந்துச்சு? 23ல எதுவரைக்கும்?' அவர்கள் கையால் சுவரில் காட்டுவார்கள். அந்த உயரத்தை உங்கள் வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லா முடிவுக்கும் அந்தக் கோடுதான் அளவு. அதற்கு மேலே இருப்பது பத்திரம், கீழே இருப்பது நனையும்.

படி 2: புரட்டாசியிலேயே மாடிக்கு ஏறுங்கள்

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். 1000 சதுர அடி மொட்டை மாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். அதில் 20 சென்டிமீட்டர் மழை விழுந்தால் 18,600 லிட்டர். காயல்பட்டினத்தில் பெய்தது போல 95 சென்டிமீட்டர் விழுந்தால் 88,000 லிட்டர். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி 88 நிறையும். இவ்வளவும் மாடியிலிருக்கும் ஒன்றிரண்டு குழாய் வாய் வழியாகத்தான் இறங்க வேண்டும். அதில் ஒரு பிளாஸ்டிக் கவரோ வேப்பஞ்சருகோ அடைத்துவிட்டால் கதை முடிந்தது. மாடியில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே 9 டன்னுக்கு மேல் பாரம்.

அதனால் சருகை அள்ளுங்கள். குழாய் வாயில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, கீழே எவ்வளவு வேகமாக வருகிறது என்று பாருங்கள். ஓட்டு வீடாக இருந்தால் உடைந்த ஓட்டை இப்போதே மாற்றுங்கள். மழையில் ஓட்டின் மேல் ஆள் ஏறக் கூடாது. தென்னையில் காய்ந்த மட்டையும், கரண்ட் கம்பிமேல் சாயும் முருங்கைக் கிளையும் வெட்டப்பட வேண்டியவை. கம்பியைத் தொடும் கிளையென்றால் மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

வாறுகாலைத் தெருவே சேர்ந்து சுத்தம் செய்தால்தான் பலன். உங்கள் வாசலை மட்டும் அள்ளினால் போதாது.

படி 3: எச்சரிக்கையை வாசிக்கப் பழகுங்கள்

வானிலை மையம் சொல்லும் வார்த்தைகளுக்கு அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 6.45 முதல் 11.55 சென்டிமீட்டர் வரை கனமழை, 20.44 வரை மிக கனமழை. அதற்கும் மேல் அதி கனமழை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். ஆரஞ்சு வந்த அன்றே கீழே சொல்லும் வேலைகளை முடித்துவிடுங்கள். சிவப்பு வரட்டும் என்று இருந்தால் கடைத்தெருவில் பாலும் பிரெட்டும் கிடைக்காது.

கூடவே அணைகளின் நீர்மட்டத்தையும் பாருங்கள். தினமும் பேப்பரில் வருகிறது. 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 112 அவசர உதவி, 108 ஆம்புலன்ஸ், 94987 94987 மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம். இவற்றைப் போனில் மட்டும் வைக்காமல் ஒரு அட்டையில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ரேடியோ வாங்கி வையுங்கள். டவர் போனால் செய்தி தெரிந்துகொள்ள அதுதான் கதி.

படி 4: தண்ணீர், சாப்பாடு, மருந்து

சுற்றிலும் தண்ணீர் நிற்கும், குடிக்க ஒரு சொட்டு இருக்காது. கரண்ட் இருக்கும்போதே மேல் தொட்டியை நிரப்புங்கள். தரைக்குக் கீழே உள்ள சம்ப்பை நம்பாதீர்கள். வெள்ளத் தண்ணீரும் செப்டிக் டேங்க் தண்ணீரும் அதில்தான் முதலில் கலக்கும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று வைத்து, 5 நாளைக்குக் குடத்திலும் அண்டாவிலும் மூடி வையுங்கள். 4 பேர் வீட்டுக்கு 80 லிட்டர்.

சாப்பாட்டில் அடுப்பே தேவைப்படாதது கொஞ்சம் இருக்க வேண்டும். அவலை நனைத்துத் தேங்காயும் கருப்பட்டியும் போட்டால் குழந்தையிலிருந்து தாத்தா வரை சாப்பிடுவார்கள். பொரிகடலை, வேர்க்கடலை, ரஸ்க், பால் பவுடர் இருக்கட்டும். முதல் நாளுக்குப் புளிசாதம் கட்டி வைத்துவிட்டால் அன்றைக்கு அடுப்படிப் பக்கம் போக வேண்டியதில்லை.

மருந்துக்குத் தயவுசெய்து முதலிடம் கொடுங்கள். சுகர், பிரஷர், இருதய மாத்திரைகள் குறைந்தது 10 நாளைக்கு இருக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் பிரிட்ஜ் நின்றுவிட்டால், மருந்தை உலர்ந்த டப்பாவில் போட்டு, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வையுங்கள். டயாலிசிஸ் செய்கிறவர்களும் நிறைமாதக் கர்ப்பிணிகளும் ஆரஞ்சு எச்சரிக்கை வந்ததுமே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் வைத்திருங்கள். இல்லாவிட்டால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்தால் போதும்.

படி 5: எது எங்கே ஏற வேண்டும்

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரப்போகிறது என்றால் உற்சவரையும் முக்கியமான பொருட்களையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். எது போக வேண்டும், எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் அங்கே முன்னமே முடிவான விஷயம். வீட்டுக்கும் அப்படி ஒரு முடிவு வேண்டும்.

முதலில் காகிதம்: ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுப் பத்திரம், பட்டா, பேங்க் புக், பிள்ளைகளின் மார்க் ஷீட். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வெளியூர்ப் பிள்ளைக்கு அனுப்பிவிட்டு, அசலை இரண்டு பாலித்தீன் கவருக்குள் போட்டு, ஒரே பைக்குள் வையுங்கள். கிளம்பும்போது அந்தப் பை உங்கள் தோளில் இருக்க வேண்டும். 2023 வெள்ளத்துக்குப் பிறகு அரசு நிவாரணம் ரேஷன் கார்டை வைத்துத்தான் கொடுக்கப்பட்டது.

பிறகு அரிசி, பருப்பு, துணி, மிக்ஸி எல்லாம் பென்சில் கோட்டுக்கு மேலே, பரணுக்கோ மாடிக்கோ போகட்டும். பிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் கல் வைத்து உயர்த்துங்கள். பூச்சிமருந்து, ஆசிட் டப்பாக்களையும் மேலே ஏற்றிவிடுங்கள். அவை கவிழ்ந்தால் வீடு முழுக்கக் கலந்துவிடும்.

மாடு, ஆடு வைத்திருப்பவர்கள் மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போங்கள். முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கட்டுத்தறியில் கட்டிய மாடு நின்ற இடத்திலேயே சாகும். அவிழ்த்த மாடு நீந்திக் கரையேற வாய்ப்புண்டு.

படி 6: கரண்டும் கேஸும்

வாசல்படியில் தண்ணீர் ஏறும்போதே மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். தெருவில் கரண்ட் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம், இன்வெர்ட்டர் வழியாகக் கீழ் பிளக்கில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். சுவிட்ச் போர்டுக்குப் போகத் தண்ணீரில் நடக்க வேண்டியிருந்தால் போகாதீர்கள், மின்னகத்துக்குச் சொல்லுங்கள்.

சிலிண்டரை அடைத்து, ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். நிறைந்த சிலிண்டரும் வெள்ளத்தில் மிதக்கும்.

படி 7: எப்போது வீட்டை விட்டுக் கிளம்புவது?

இதற்கு என் பதில் ஒன்றுதான்: இருட்டுவதற்கு முன். சாயங்காலம் 4 மணிக்கு நிலைமையைப் பாருங்கள். சிவப்பு எச்சரிக்கை இருக்கிறது, மழை விடவில்லை, உங்கள் வீடு ஆற்றுக்கோ குளத்துக்கோ கீழே இருக்கிறது என்றால் அப்போதே கிளம்புங்கள். 'ராத்திரி பார்ப்போம்' என்ற பேச்சே வேண்டாம். வீட்டில் நடக்க முடியாதவர்கள் இருந்தால் மதியமே கிளம்ப வேண்டும். அத்தை வீடோ, பள்ளிக்கூட முகாமோ, எங்கே போவது என்பதை முன்னமே பேசி வைத்திருங்கள்.

இருட்டிவிட்டதா? அப்படியானால் வெளியே இறங்காமல் மாடிக்குப் போங்கள். ஓடும் தண்ணீர் கணுக்காலைத் தாண்டினாலே ஆளைச் சாய்க்கும். திறந்த சாக்கடைக்குழி கண்ணுக்குத் தெரியாது. தரைப்பாலத்தை எந்த வண்டியிலும் கடக்கக் கூடாது. அந்த 2023 டிசம்பரில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயிலை, முன்னே தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துக்கொண்டு போன தகவல் வந்ததும் ஸ்ரீவைகுண்டத்திலேயே நிறுத்திவிட்டார்கள். பயணிகள் பல நூறு பேர் நாள்கணக்கில் சிக்கித் தவித்தார்கள். பசித்தது, குளிரில் நடுங்கினார்கள், ஆனால் உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீடும் நனைந்து கிடக்க, அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள்.

படி 8: வடிந்த பிறகு

வெளிச்சம் வந்த பிறகு, காலில் செருப்போ பூட்ஸோ போட்டு, கையில் கம்போடு நுழையுங்கள். பாம்பு அலமாரிக்குள்ளும் சுருட்டிய பாய்க்குள்ளும் இருக்கும். கடித்துவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது.

சுத்தம் செய்யும் முன் எல்லா அறையையும், சுவரில் தண்ணீர் நின்ற தடத்தையும் போட்டோ எடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் கணக்கெடுக்க வரும்போதும், இன்சூரன்சுக்கும் அது வேண்டும். பிறகு சகதியை ஈரமாக இருக்கும்போதே தள்ளிவிடுங்கள். காய்ந்தால் மண்வெட்டிக்கும் பெயராது. எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயின் சுவிட்சைப் போடக் கூடாது. முங்கிய பைக்கையும் காரையும் ஸ்டார்ட் செய்து பார்க்காமல் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போங்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஓட்டினால் சின்னச் செலவு பெரிய செலவாகும். வெள்ளத் தண்ணீர் பட்ட சாப்பாட்டுப் பொருளை இரக்கம் காட்டாமல் தூக்கி எறியுங்கள். சம்ப்பை முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகே நிரப்புங்கள். அதுவரை கொதிக்க வைத்த தண்ணீர்தான்.

காலில் புண்ணோடு அந்தத் தண்ணீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். உடனே தெரியாது. ஒரு மாதம் வரைக்கும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு எது வந்தாலும் மாத்திரைக் கடையில் நிற்காமல் டாக்டரிடம் போங்கள். போனதும் வெள்ளத் தண்ணீரில் நடந்ததை முதலில் சொல்லுங்கள்.