பொருளாதார மந்தம் வருமுன்னே பயம் இழுத்து வைக்கும் செலவு

ஆடம்பரத்தைக் குறை, வரவு செலவு எழுது, கிரெடிட் கார்டைத் தேய்க்காதே. இதெல்லாம் எல்லோரும் சொல்வது, இங்கே வேண்டாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50% வரி போட்டதும் தூத்துக்குடி இறால் ஏற்றுமதியைப் பற்றிக் கிளம்பிய பேச்சு, பாளையங்கோட்டை டீக்கடைக்கு வந்து, அங்கிருந்து வீட்டுக் கணக்குக்குள் புகுந்துவிட்டது. மந்தம் வந்து வருமானம் போய்விடுமோ என்ற பயம்தான். 2008-லும் இதே பயம், 2020-லும் இதே பயம். ஒவ்வொரு முறையும் பயத்தில் செய்கிற காரியமும் அச்சு அசலாக ஒன்றுதான். இப்போதுதான் சம்பாதிக்கத் தொடங்கிய பிள்ளைகள் அதே பள்ளத்தில் காலை விடுவதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை. இதை எழுதுகிறவர்களும் அந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தவர்கள்தான்.

நாட்டுக் கணக்கை வீட்டுக் கணக்காக நினைப்பது

2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் உற்பத்தி, முந்தைய ஆண்டின் அதே மூன்று மாதத்தைவிட ஏறத்தாழ 24% சுருங்கியது. அதற்காக எல்லார் வீட்டு வருமானமும் 24% குறைந்ததா என்றால் இல்லை. அரசு ஆசிரியருக்குச் சம்பளம் வந்தது, அகவிலைப்படி உயர்வுதான் நின்றது. மளிகைக்கடை ஓடியது. பந்தல்காரருக்கும் வாடகைக் கார் ஓட்டியவருக்கும் ஒரு பைசா வரவில்லை.

ஆகவே "பொருளாதாரம் என்ன ஆகும்" என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் பணம் எந்தக் கையிலிருந்து கிளம்பி வருகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். முக்கூடலில் பீடி சுற்றுகிற வீட்டுக்குக் கம்பெனி வாரம் எவ்வளவு இலையும் தூளும் தருகிறது என்பதுதான் குறியீடு, பங்குச்சந்தை அல்ல. மேலப்பாளையத்திலோ கடையநல்லூரிலோ வளைகுடாப் பணத்தில் நடக்கிற குடும்பத்துக்கு எண்ணெய் விலையும் விசா புதுப்பிப்புத் தேதியும். அம்பாசமுத்திரத்தில் கார், பிசானம் என்று இரண்டு பூ நெல் போடுகிறவருக்கு வாஷிங்டன் செய்தியைவிடப் பாபநாசம் அணையின் 143 அடியில் இன்றைக்கு எத்தனை அடி நிற்கிறது என்பதுதான் பெரிது.

இதில் ஒன்றைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். அப்பாவும் மகனும் ஒரே மில்லில் வேலை பார்த்தால் அது இரண்டு வருமானம் இல்லை, ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு வாளி. கணக்கில் ஒன்று என்றே எழுதுங்கள்.

கையில் இருப்பதைத் துடைத்துக் கடனில் கட்டுவது

இன்றைக்கும் எரிச்சல் தீராத தவறு இது. செய்கிறவர் ஊதாரி என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம். இதைச் செய்கிறவர் பொறுப்பான மனிதர், ஊரும் அவரைப் பாராட்டும்.

திருநெல்வேலி கேடிசி நகர்ப் பக்கம் ஒரு குடும்பம். தனியார் கம்பெனியில் சூப்பர்வைசர். வீட்டுக்கடன் பாக்கி 12 லட்சம், வட்டி 8.5%, இன்னும் 120 தவணை, மாதம் 14,880 ரூபாய். வங்கியில் 4 லட்சம் டெபாசிட். தவணையும் சேர்த்து வீட்டுச் செலவு மாதம் 40,000. ஆள் குறைப்பு என்று கம்பெனியில் பேச்சு அடிபட்ட மறுவாரமே டெபாசிட்டை உடைத்து 4 லட்சத்தையும் கடனில் கட்டிவிட்டார். "கடன் இருந்தா ராத்திரி ஒறக்கம் வரமாட்டேங்கு அண்ணாச்சி. பாரத்த எறக்கி வச்சிட்டேன்" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

கணக்கு தப்பில்லை. பாக்கி 8 லட்சமானது, 120 தவணை 68 ஆகச் சுருங்கியது. கட்டிய 4 லட்சத்தைக் கழித்தபின்னும் வட்டியில் ஏறத்தாழ 3.7 லட்சம் மிச்சம். ஆனால் அந்த 3.7 லட்சம், 68 மாதமும் சம்பளம் தடையில்லாமல் வந்தால்தான் உண்டு. அவருடைய பயமே சம்பளம் வராமல் போகுமோ என்பதுதானே? எந்த ஆபத்துக்குப் பயந்தாரோ, அந்த ஆபத்து வந்தால் உதவாத இடத்தில் கொண்டுபோய்ப் பணத்தை வைத்தார்.

அடுத்த மாதம் தவணைத் தேதியில் அதே 14,880 போனது. முன்கூட்டிக் கட்டினால் வங்கி பெரும்பாலும் தவணை எண்ணிக்கையைத்தான் குறைக்கும், தவணைத் தொகையை அல்ல. நாலு லட்சம் முன்னாலேயே கொடுத்த மனிதர் என்று எந்த கம்ப்யூட்டரும் இரக்கம் பார்க்காது. கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது.

நான்காம் மாதம் வேலை போனது. டெபாசிட் இருந்திருந்தால் மாதம் 40,000 வீதம் பத்து மாதம் தாங்கியிருக்கும். அது இல்லாததால் முதலில் நகை அடகுக்குப் போனது. பிறகு, கட்டிக்கொண்டிருந்த 2 லட்ச ரூபாய் ஏலச்சீட்டை 50,000 தள்ளி, அதாவது அவ்வளவை விட்டுக்கொடுத்து, முன்கூட்டியே எடுத்தார். அதுவும் தீர்ந்தபோது தண்டல். பத்தாயிரம் என்று எழுதி, 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூல். கேட்கும்போது "ஆயிரத்து ஐநூறுதானே" என்றிருக்கும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருக்கிறது. போட்டுப் பார்த்தால் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி, வருஷத்துக்கு 120% பக்கம் வரும். 8.5% கடனைக் குறைக்கப் போன மனிதர் 120% கடனில் நின்றார்.

இப்படிச் செய்திருக்கலாம். தவணையும் சேர்த்து ஆறு மாதச் செலவைத் தனியாக ஒதுக்கிவிட்டு, அதற்கு மேல் இருப்பதை மட்டும் கடனில் கட்டுவது. இவருக்கு அது 2.4 லட்சம் ஒதுக்கல், 1.6 லட்சம் கடனுக்கு. கட்டும்போது "தவணைக் காலம் அப்படியே இருக்கட்டும், மாதத் தவணையைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுத்து, திருத்திய தவணைப் பட்டியலைக் கையில் வாங்கிக்கொண்டுதான் கிளையை விட்டு இறங்க வேண்டும். முழு 4 லட்சத்தையே கட்டினாலும், இந்த ஒரு கடிதம் இருந்திருந்தால் தவணை 9,920-க்கு இறங்கியிருக்கும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. ஆகவே இன்றைக்கே கட்டவேண்டும் என்ற அவசரமும் இல்லை. சில வங்கிகளில் ஓவர்டிராஃப்ட் வசதியுள்ள வீட்டுக்கடன் உண்டு. உபரிப் பணத்தை அந்தக் கணக்கில் போட்டால் வட்டி குறையும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு அது பொருத்தம்.

ஏற்கெனவே துடைத்துக் கட்டிவிட்டீர்களா? வேலையில் இருக்கும்போதே, சம்பளச் சீட்டு கையில் உள்ளபோதே, அதே வீட்டின் பேரில் டாப்-அப் கடன் கிடைக்குமா என்று கேட்டு வையுங்கள். வேலை போனபின் கேட்டால் நாற்காலிகூடப் போடமாட்டார்கள்.

இதற்கு விதிவிலக்கு ஒன்றே ஒன்று. தண்டல், மீட்டர் வட்டி, மாதம் மூன்று மூன்றரை சதவீதம் ஏறுகிற கிரெடிட் கார்டு பாக்கி. இவற்றைக் கையிருப்பிலிருந்து எடுத்தாவது முடித்துவிட வேண்டும். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தும் 2017-ல் கந்துவட்டிக் கொடுமையால் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்ததை இந்த ஊர் மறந்திருக்காது.

தவணை தவறும் நிலை வந்துவிட்டால் ஒளியாதீர்கள். 90 நாள் தாண்டினால் கடன் வாராக்கடன் ஆகிவிடும். அதற்குப் பின், ஈடு வைத்த வீட்டை வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். முதல் தவணை தவறுவதற்கு முன்பே, வேலை போன கடிதத்தின் நகலோடு தவணைக் காலத்தை நீட்டச் சொல்லி எழுதிக் கொடுத்து, மனு பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு கணக்கில் சேராது.

ஒத்திவைப்பைத் தள்ளுபடி என்று நினைப்பது

2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணை கட்டவேண்டாம் என்றார்கள். வட்டி நிற்கவில்லை. 12 லட்சம் பாக்கிக்கு 8.5%-ல் மாத வட்டி மட்டும் 8,500. ஆறு மாதத்தில் 51,000 கடன் தலையில் ஏறியது. கையில் காசு இருந்தும் ஒத்திவைத்தவர்கள் உண்டு.

ஆறு மாதச் செலவைக் குறைத்துப் போடுவது

அரிசி, பால், கரண்ட், வாடகை என்று கூட்டி ஆறால் பெருக்கிவிட்டு முடிந்தது என்பார்கள். ஜூன் மாத ஸ்கூல் பீஸ் எங்கே? வண்டி இன்சூரன்ஸ்? வீட்டு வரி, தீபாவளி, கோயில் கொடை வரி? நம் பக்கம் பெரிய ஓட்டை, சொந்தபந்தங்களின் விசேஷத்துக்கு நாம் செய்கிற செய்முறைதான். மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். உங்கள் வீட்டு விசேஷத்தில் எழுதினவர்கள் வீட்டில் அடுத்த ஒரு வருஷத்துக்குள் எத்தனை கல்யாணம், எத்தனை சடங்கு என்று எண்ணினால் தொகை தானே தெரியும். வருஷத்துக்கு ஒருமுறை வருகிற எல்லாவற்றையும் கூட்டி 12-ஆல் வகுத்து மாதச் செலவில் சேர்க்கவேண்டும். 25,000 என்று நினைத்தது 31,000-க்குப் போகும்போது பயமாக இருக்கும். இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

ஒதுக்கிய பணத்தை எடுக்கமுடியாத இடத்தில் வைப்பது

3 லட்சத்தை ஒரே டெபாசிட்டாகப் போட்டால் 40,000 தேவைக்கு முழுவதையும் உடைக்கவேண்டி வரும். 50,000 வீதம் ஆறாகப் போடுங்கள். ஒன்றை உடைத்தால் மற்ற ஐந்தும் வட்டியோடு நிற்கும். தபால் நிலைய டைம் டெபாசிட் பத்திரமானது, ஆனால் ஆறு மாதத்துக்கு முன் எடுக்கமுடியாது. அதனால் அவசரப் பணம் முழுவதையும் அங்கே வைக்கவேண்டாம். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, 2020 பிப்ரவரியிலிருந்து. நகரக் கூட்டுறவு வங்கிக்கும் அது பொருந்தும். ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் போட்ட டெபாசிட்டுக்கும், நகைக்கடையில் கட்டும் 11 மாதச் சீட்டுக்கும் பொருந்தாது.

நகையை வைத்துவிட்டுத் தேதியை மறப்பது

ஒரே தவணையாகத் திருப்புகிற நகைக்கடனுக்குப் பெரும்பாலும் 12 மாதம்தான். பத்தாம் மாதமே வட்டிக்குப் பணம் ஏற்பாடு செய்யத் தொடங்குங்கள். போர்டில் எழுதியிருக்கும் வட்டியை மட்டும் பார்த்தால் போதாது. சில தனியார் நிதி நிறுவனங்களில் மூன்று மாதம் வட்டி கட்டாமல் விட்டால் விகிதமே மேல்படிக்குத் தாவும். அந்தப் படிகள் அடகுச் சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். ஏலத்துக்கே போய்விட்டாலும் அசல், வட்டி, செலவு போக மிச்சம் உங்களுடையது. கணக்கைக் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

மருத்துவக் காப்பீட்டை நிறுத்தி மிச்சம் பிடிப்பது

பயம் வந்ததும் முதலில் கத்தி வைப்பது இதில்தான். புதுப்பிக்கும் தேதியும் சலுகை நாட்களும் தாண்டிவிட்டால், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் இதுவரை கழித்த காத்திருப்புக் காலம் வீண். புதிதாக எடுத்தால் மூன்று வருஷம் வரை மறுபடி காத்திருக்க நேரும். பணம் நெருக்கினால் நிறுத்துவதற்குப் பதில் காப்பீட்டுத் தொகையைக் குறைத்துப் புதுப்பிக்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கிவிட்டு அப்புறம் யோசியுங்கள். வேலை போனால் கம்பெனி கொடுத்த காப்பீடும் அன்றோடு போய்விடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மாதம் மூன்று சதவீதம் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுப்பது

வேண்டாம்.

கடன் வாங்கித் தங்கம் வாங்குவது

அதுவும் வேண்டாம்.

வீட்டில் சொல்லாமல் வைத்திருப்பது

"அவ பயந்துருவா" என்று கணவர் மறைப்பார். அந்த அம்மா அதே வாரம் அண்ணன் மகள் சடங்குக்கு அரைப் பவுன் செய்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு வருவார். தப்பு யாருடையது? தவணை எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு, எத்தனை மாதம் தாங்கும் என்ற மூன்று எண்ணும் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கவேண்டும். பெரிய பிள்ளைகளுக்கும் சொல்லலாம், அவர்கள் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள்.

ராத்திரியில் கணக்குப் போடுவது

மூன்று மணிக்கு விழித்துப் போடுகிற கணக்கில் வரவு எப்போதும் குறைவாகவும் செலவு அதிகமாகவும் வரும். கணக்குக்கு வாரத்தில் ஒரு நேரம் வையுங்கள். சனிக்கிழமை காலை, அரை மணி நேரம், பாஸ்புக்கும் நோட்டும் எதிரே. நடு ராத்திரியில் எண்ணம் வந்தால் தலைமாட்டில் உள்ள தாளில் ஒரு வரி எழுதி, "சனிக்கிழமை" என்று குறித்துவிட்டுப் படுங்கள். முதல் வாரம் கேலியாகத் தோன்றும். மூன்றாம் வாரம் அந்தத் தாளைப் பார்த்தால் ஒரே கவலையைப் பத்து விதமாக எழுதியிருப்பது தெரியும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் போனால் அது கணக்கு விஷயம் இல்லை. 14416 டெலிமானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், காசு கிடையாது. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. நெஞ்சை அடைக்கிறது என்றால் மட்டும் கேஸ் என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள், கவலைதான் என்று நீங்களாக முடிவு கட்டவும் வேண்டாம். முதலில் ஈசிஜி. அது சரியாக இருந்தால், அதே ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு நடங்கள்.