பழைய பேஸ் கிட்டாரின் வயதைக் கண்டுபிடித்த கதை

மாமா மெல்லிசைக் குழுவில் வாசித்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸை விற்க வேண்டியிருந்தது. அண்ணா சாலையில் ஒரு கடையில் ஜப்பான் நகல் என்றார்கள், இன்னொருவர் 1969 என்று அடித்துச் சொன்னார். நெக்கை (கழுத்துப் பகுதியை) உடலோடு பிணைக்கும் தகட்டில் இருந்த எண் அறுபதுகளின் கடைசியைத்தான் காட்டியது. ஆனால் அந்தத் தகடு வெறும் நான்கு ஸ்க்ரூவில் நிற்பது, யாரும் மாற்றலாம். தொழிற்சாலையிலேயே அந்த எண்களை வரிசைப்படி போட்டதில்லை. நெக்கைக் கழற்றினேன், அடியில் இருந்த தேதி முத்திரை அழிந்திருந்தது.

அப்புறம் பிக்கார்டை, அதாவது முன்பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் தகட்டைத் திறந்தேன். வால்யூம் பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் உள்ள பாகம்) புதுசு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு சரக்கு மாதிரி இருந்தது. டோன் பாட்டின் ஈயப்பற்று மட்டும் யார் கையும் படாமல் மங்கிக் கிடந்தது. ஈயம் முதல் இலக்கத்தைப் பாதி மூடியிருந்ததால் மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படித்தேன்: 1377343. 137 என்றால் பாட்டைத் தயாரித்த சிடிஎஸ் நிறுவனம், 73 ஆண்டு, 43 வாரம். அதாவது 1973 அக்டோபருக்கு முன் இந்த கிட்டார் வந்திருக்க முடியாது. பற்றுவைப்பு கலைந்திருந்தால் பாட்டையே யாராவது மாற்றியிருக்கலாம், இந்தக் கணக்கு செல்லாது.

பிக்கார்டுக்கு அடியில் அசல் சன்பர்ஸ்ட் நிறமும் (நடுவில் வெளிர், ஓரத்தில் கருமை) தெரிந்தது. மேலே இருந்த கறுப்பு பிறகு அடித்த பெயின்ட். மறுபூச்சு என்றால் விலை ஏறக்குறைய பாதி. விற்பவர்கள் கேட்கும் விலையை விட்டுவிட்டு, மறுபூச்சு ஆன 1973 பேஸ்கள் உண்மையில் விற்றுப்போன விலையை வைத்துப் பேசினேன். சரி, வாங்க வந்தவரும் பேரம் பேசவில்லை.