கருங்கல் என்று சொல்லிவிட்டால் போதுமா?

மும்பை மாட்டுங்காவில் நம் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் எலிஃபண்டா குகைக்குக் கூட்டிப்போவது வழக்கம். தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்க் கருங்கல்தானே?" என்பார் மாமா. பலர் செய்யும் முதல் தவறு இதுதான். பல்லாவரத்துக் கருங்கல் சார்னகைட். பூமிக்குள் ஆழத்தில் வெந்து உருவானது, வயது சுமார் 250 கோடி ஆண்டு. எலிஃபண்டா கல்லோ பசால்ட், தரைமேல் ஓடி ஆறிய எரிமலைக் குழம்பு. தக்காணத்தில் இந்தக் குழம்பு பெருகியது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்.

இந்தப் பாறைப் பரப்பின் ஆங்கிலப் பெயரான 'டெக்கான் டிராப்' என்பதைத் 'தக்காணப் பொறி' என்று எழுதாதீர்கள். இங்கே எலி எதுவும் மாட்டவில்லை. ஸ்வீடிஷ் மொழியில் 'டிராப்பா' என்றால் படிக்கட்டு. மலைச்சரிவு படிப்படியாக இறங்குவதால் வந்த பெயர்.

கூம்பு மலையையும் அதன் வாயையும் தேடுவது வீண். நீண்ட நிலவெடிப்புகளின் வழியாகத்தான் பெரும்பாலும் குழம்பு வெளியேறியது. சிலிக்கா குறைந்த குழம்பு நீர்த்தது; தோசை மாவுபோல வெகுதூரம் பரவும். மகாராஷ்டிரத்து லோனார் ஏரியைக் காட்டி "இதோ வாய்" என்பவர்களும் உண்டு. அது பசால்ட்மேல் விண்கல் விழுந்த பள்ளம்.

அந்தேரியில் கில்பர்ட் குன்றின் தூண்களைச் செதுக்கியது யார் என்று கேட்பார்கள். யாரும் இல்லை. சேற்று வயல் காய்ந்து வெடிப்பதுபோல, குழம்பு ஆறிச் சுருங்கியதில் பிளந்தவை அவை.

பூமிக்குள் குழம்புக் கடல் ததும்புகிறது என்ற எண்ணமும் தவறு. மேலோட்டுக்கு அடியில் உள்ள மேன்டில் அடுக்கு திடப்பாறை. சூடான பாறை மெல்ல மேலெழும்போது அழுத்தம் குறைகிறது, அதனால்தான் உருகுகிறது. அப்படிப் பாறை மேலெழும் சூட்டுமையம் ஒன்று இன்று இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவுக்கு அடியில் இருக்கிறது; அதன் மேல் அன்று இந்தியா நகர்ந்துகொண்டிருந்தது என்பதே பரவலான விளக்கம்.

டைனோசர்களைக் கொன்றது இந்த எரிமலைக் குழம்புதான் என்று அடித்துச் சொல்லவும் வேண்டாம். மெக்சிகோவில் விண்கல் விழுவதற்கு முன்பே குழம்பு பெருகத் தொடங்கிவிட்டது, விழுந்த பிறகும் நிற்கவில்லை. யாருக்கு எவ்வளவு பங்கு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது, எல்லாம் ஒரே வீச்சில் கொட்டியது என்ற நினைப்பு. மகாபலேஷ்வர் பக்கம் அடுக்குகளின் மொத்தக் கனம் 1,200 மீட்டருக்கும் மேல். நடுநடுவே செங்கல் நிறத்தில் மெல்லிய பட்டை தெரியும். துரு என்று தள்ளிவிடாதீர்கள். பெரும்பாலும் அது, ஒரு குழம்பு ஆறி, மேல்பகுதி மக்கி மண்ணான பிறகு அடுத்த குழம்பு வந்து சுட்டுவிட்டுப்போன தடம். அதாவது, இடையில் எரிமலை ஓய்ந்திருந்த காலம். சென்னை ரயில் கர்ஜத்தில் பின்எஞ்சின் மாட்டிக்கொண்டு லோனாவலாவுக்கு ஏறும்போது, இரண்டு சுரங்கங்களுக்கு நடுவே மலையை வெட்டிய பக்கத்தைப் பாருங்கள். மாமாவுக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிட்டு நான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.