எக்செல்ல நைட் ஷிப்ட் டைம் மட்டும் கலராக்குன கதை

நைட்டு 10ல இருந்து காலைல 6 வரைக்கும் உள்ள என்ட்ரி மட்டும் கலராகணும்னு கண்டிஷனல் ஃபார்மேட்டிங் (கண்டிஷனுக்கு ஒத்துவர்ற செல்லுக்கு மட்டும் கலரடிக்கிற வசதி) போட்டா, மொத்த பதிவு லிஸ்ட்டும் செவந்துடுச்சு. எக்செல்லுக்கு ஒரு நாள்னா 1, சாயங்காலம் 6 மணின்னா 0.75, ஆனா செல்லுல தேதியும் சேர்ந்து இருந்தா அதுக்கு முன்னாடி 45,000 மாதிரி ஒரு நம்பர் ஒட்டிக்கும், அப்பறம் எந்த மணியோட கம்பேர் பண்ணாலும் அதுதான் பெருசு. ஃபார்முலா ரூல் எடுத்து மாட் (MOD, வகுத்தா வர்ற மீதியக் குடுக்கும்) ஃபங்ஷன்ல வகுக்குற நம்பரா 1 குடுத்தேன், தேதி கழண்டு டைம் மட்டும் நின்னுச்சு. அந்த டைம் 22/24க்கு (நைட்டு 10) மேல, இல்லன்னா 6/24க்குக் (காலைல 6) கீழ இருக்கணும்னு கண்டிஷன். நடுராத்திரிய தாண்டுறதால இங்க ஆர்தான் (OR, ரெண்டுல ஒண்ணு சரியா இருந்தா போதும்), ஆண்ட் (AND, ரெண்டும் சரியா இருக்கணும்) போட்டா ஒரு செல்லும் சிக்காது. காலி செல்ல வேற 0, அதாவது ராத்திரி 12னு எடுத்துக்கிட்டு கலரடிக்குது (கடுப்பு!), அதனால செல் காலியா இருக்கக்கூடாதுன்னு வெளிய ஒரு ஆண்ட் சுத்திவிட்டேன்.