மூக்கில் தொடங்காதீர்கள்: தெருவில் மனிதர்களை வரையும்போது செய்யும் தவறுகள்

என் முதல் ஸ்கெட்ச் புக்கைப் புரட்டினால் சிரிப்புதான் வரும். ஒரு பக்கத்தில் ஒரு கண், பாதி மூக்கு. அடுத்த பக்கத்தில் இரண்டு கண், நெற்றி, விபூதிப் பட்டை. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. எல்லாம் மாம்பலத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் வரைந்தவை. ஒரு கண்ணை ஒழுங்காகப் போட்டு நிமிர்வதற்குள் கோடம்பாக்கம் வந்துவிடும், ஆள் எழுந்துவிடுவார். மூன்று மாதம் வரைந்தும் அந்த நோட்டில் ஒரு முழு மனிதர்கூட இல்லை.

எழுந்து போனவர்மேல் தப்பில்லை. நான் தொடங்கிய இடம்தான் தப்பு.

உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் அதிகமாக அசைவது தலை. ஜன்னலைப் பார்ப்பார், செல்போனைப் பார்ப்பார், சுண்டல் விற்பவரைத் திரும்பிப் பார்ப்பார். அதே நேரத்தில் அவருடைய முதுகின் வளைவு பத்து நிமிஷம் அப்படியே இருக்கும். தோளின் சாய்வு இருக்கும், மடியில் பையைக் கட்டிக்கொண்ட கை இருக்கும். நாமோ அசையாததை எல்லாம் விட்டுவிட்டு அசைவதைத் துரத்துகிறோம். முதல் அரை நிமிஷத்தில் உச்சந்தலையிலிருந்து முதுகுத்தண்டு வழியாக இருக்கை வரை ஒரே கோடு போடுங்கள். அப்புறம் தோள் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது, முழங்கால் எங்கே முடிகிறது என்று இரண்டு மூன்று கோடுகள். ஆள் அப்போதே இறங்கிப் போனாலும் பக்கத்தில் ஒரு மனிதர் மிஞ்சுவார். இன்னும் இருந்தார் என்றால் கொண்டை, காலர், பை. கடைசியாக, நேரம் இருந்தால் மட்டும், முகம்.

முகம் இல்லாவிட்டால் ஆளைத் தெரியாதே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒருநாள் எங்கள் தெரு முனையில் இஸ்திரி போடுபவரைப் பின்னாலிருந்து, சுமார் பதினைந்து கோடுகளில் வரைந்து வைத்திருந்தேன். அம்மா காபி கொண்டுவந்து வைத்தவள் எட்டிப் பார்த்து, "இது நம்ம இஸ்திரிக்காரர் இல்ல?" என்றாள். பெட்டியை அழுத்தும்போது வலது தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறும் அந்தத் தினுசுதான் அவர். ஓவியர் கோபுலு ஆனந்த விகடனில் வரைந்த வசனமில்லாத ஜோக்குகளைத் தேடிப் பாருங்கள். முகத்தை மறைத்துக்கொண்டு உடம்பை மட்டும் பார்த்தாலே யாருக்குக் கோபம், யார் அசடு வழிகிறார் என்று தெரிந்துவிடும்.

எடை எந்தக் காலில்?

நிற்பவர்களை வரையும்போது வரும் பெரிய கோளாறு, எல்லோரும் என்.சி.சி. அணிவகுப்பில் நிற்பதுபோல நிற்பது. இரண்டு கால், இரண்டு கை, நடுவில் ஒரு பெட்டி. பஸ் ஸ்டாப்பில் அப்படி யாரும் நிற்பதில்லை. 29சி-க்காக இருபது நிமிஷம் காத்திருப்பவர் ஒரு காலில் முழு எடையையும் போட்டுவிட்டு மற்றதைத் தளர விட்டிருப்பார். எடை தாங்கும் பக்கத்து இடுப்பு மேலே ஏறும். அதைச் சமன்செய்ய அதே பக்கத்துத் தோள் கீழே இறங்கும். இரண்டு கோடுகளும் எதிரெதிராகச் சாய்ந்திருந்தால் ஆள் நிற்பார். இணையாக இருந்தால் விறைப்பார்.

இதைக் கற்றுக்கொள்ள வெளிநாட்டு வீடியோ எதுவும் வேண்டாம். எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். ஸ்தபதிகள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். வளைவில்லாமல் நேராக நிற்பது சமபங்கம், லேசாக ஒசிந்து நிற்பது ஆபங்கம், தலை, உடல், கால் மூன்றும் மூன்று பக்கம் சாய்வது திரிபங்கம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் நிற்கும் அம்மாவைப் பாருங்கள், அச்சு அசல் திரிபங்கம். இந்தச் சாய்வுகளை அளக்க ஸ்தபதிகள் உருவத்தின் நடுவே செங்குத்தாகக் கற்பனை செய்யும் கோட்டுக்கு பிரம்மசூத்திரம் என்று பெயர். நமக்கு அந்த அளவு சாஸ்திரம் வேண்டியதில்லை. கழுத்துக் குழியிலிருந்து பேனாவைத் தொங்கவிட்டதுபோல ஒரு நேர்க்கோடு இறக்கிப் பாருங்கள். ஒரே காலில் எடை போட்டு நிற்பவரானால் அது அந்தக் காலின் கணுக்கால் பக்கம் வந்து விழ வேண்டும். எங்கோ வெளியே விழுந்தால் ஒன்று அவர் எதன்மேலாவது சாய்ந்திருக்கிறார், அல்லது நீங்கள் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள். அந்தச் சுவரையோ கம்பத்தையோ வரைய மறப்பதும் உண்டு. என் பழைய படங்களில் பாதிப் பேர் காற்றில்தான் சாய்ந்திருக்கிறார்கள்.

தலைக்கனமும் தலைக்கணக்கும்

தலை பெரிதாகப் போவது எல்லோருக்கும் வரும் வியாதி. நம் கண் முகத்தையே பார்ப்பதால் கை அதற்கு அதிக இடம் கொடுத்துவிடுகிறது. கடைசியில் காலுக்குத் தாளில் இடம் இருக்காது. முழங்காலைச் சுருக்குவோம், பாதத்தை வெட்டுவோம். வளர்ந்தவர் ஒருவர் தம் தலையைப்போல ஏழு, ஏழரை மடங்கு உயரம். நாற்காலியில் உட்கார்ந்தால் தரையிலிருந்து ஐந்து, ஐந்தரைத் தலை. கண்கள் தலையின் சரிபாதியில் இருக்கும், பலர் போடுவதுபோல நெற்றிக்குப் பக்கத்தில் அல்ல. கையை விரித்தால் மோவாயிலிருந்து முடி தொடங்கும் இடம் வரை மறைக்கும். நம்பாவிட்டால் இப்போதே உங்கள் முகத்தில் வைத்துப் பாருங்கள். நாம் வரையும் கைகள் பெரும்பாலும் பொம்மைக் கைகள். குழந்தைகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஒரு வயதுக் குழந்தை நான்கு தலை உயரம்தான். பெரியவரைச் சின்னதாக்கினால் குழந்தை ஆகிவிடாது, குள்ள மாமா ஆகிவிடும்.

அதனால் பேனாவை வைத்ததும் செய்ய வேண்டியது, தலைக்கு ஒரு புள்ளி, பாதத்துக்கு ஒரு புள்ளி. இரண்டுக்கும் நடுவில்தான் ஆள் அடங்க வேண்டும். சின்ன விஷயம். ஆனால் இதைச் செய்யாததால் நான் வீணாக்கிய தாள்களை எடைக்குப் போட்டிருக்கலாம்.

தூரத்தில் நிற்பவர்களை எங்கே வைப்பது என்பதில் இன்னொரு குழப்பம். தூரத்தில் இருப்பவர் சிறியவர் என்று தெரியும், ஆனால் தாளில் மேலேயா கீழேயா? இதற்கு மெரினா நல்ல பள்ளிக்கூடம், அங்கே தொடுவானம் கண் முன்னால் கோடாகவே கிடக்கிறது. சமமான மணலில் நீங்கள் நின்றுகொண்டு பார்த்தால், உங்கள் உயரமுள்ள எல்லோருடைய கண்களும் அந்தக் கடல்கோட்டில்தான் இருக்கும், பத்தடியில் நின்றாலும் நூறடியில் நின்றாலும். மணலில் உட்கார்ந்து பார்த்தால் அதே கோடு நிற்பவர்களின் இடுப்பை ஒட்டி வெட்டும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வரைந்தால் மார்பளவில். தெருவில் கடல் தெரியாது, ஆனாலும் உங்கள் கண் மட்டத்தில் அந்தக் கோடு உண்டு. முதலில் அதை லேசாகப் போட்டுவிட்டு ஆட்களை அதில் கோத்துக்கொண்டே போகலாம், பூ கட்டுவதுபோல. இதை விட்டவர்களின் கூட்டத்தில் சிலர் பறப்பார்கள், சிலர் குழிக்குள் நிற்பார்கள்.

வெள்ளைத்தாள் முகங்கள்

இது என்னை உறுத்துகிற தவறு, அதனால் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். சென்னைத் தெருவில் உட்கார்ந்து வரைகிறோம். படத்தில் இருப்பவர்களோ ஐரோப்பாவில் எங்கோ இருப்பவர்கள் மாதிரி இருக்கிறார்கள். கூர் மூக்கு, மெல்லிய உதடு, சட்டையும் முகமும் ஒரே வெள்ளை. பார்த்துக் கற்ற வீடியோக்களில் அப்படி இருந்ததால் கை அப்படிப் பழகிவிட்டது. எதிரே இருக்கும் ஆளைக் கண் பார்க்கிறது, கை வேறு யாரையோ வரைகிறது.

வெயிலில் நிற்கும் கறுத்த மனிதர், மேலே வெள்ளைச் சட்டை, கீழே வெள்ளை வேட்டி. கறுப்பு வெள்ளையில் வரைபவருக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. முகம், கழுத்து, முன்கை, பாதம் எல்லாவற்றிலும் 4பி பென்சிலைச் சாய்த்துப் பிடித்து ஒரே சீரான நிழல் போடுங்கள். வியர்வை மின்னும் நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, இங்கெல்லாம் தாளைச் சும்மா விடுங்கள். தலைமுடி அதைவிட ஒரு படி அழுத்தம். துணியைத் தொடவே வேண்டாம். வேட்டி தானாகப் பளிச்சென்று வரும். பயந்துகொண்டு முகத்தில் மட்டும் அங்கங்கே கோடு கிழித்தால் அழுக்கு அப்பியதுபோலத்தான் தெரியும், அதையும் செய்து பார்த்திருக்கிறேன்.

துணி என்றதும் மடிப்பு. சேலையின் கொசுவத்தை ஒவ்வொன்றாக எண்ணிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். துணி எங்கே பிடிபட்டிருக்கிறதோ அங்கிருந்துதான் மடிப்பு கிளம்பும். சேலைக்குத் தோளும் இடுப்புச் செருகலும், மடித்துக் கட்டிய லுங்கிக்கு இடுப்பு முடிச்சு, உட்கார்ந்தவருக்கு முழங்கால். அந்த இடங்களிலிருந்து மூன்று நான்கு கோடு இழுத்தால் போதும்.

ஆள் போய்விட்டால்

போகட்டும். அசையாத ஆளுக்காகக் காத்திருப்பது வீண், அப்படிக் கிடைப்பவர்கள் தூங்குகிறவர்கள் மட்டும்தான். (அவர்களை வரைந்து பழகலாம், ஆனால் நோட்டு முழுக்க அவர்களே ஆகிவிட்டால் சென்னையே தூங்குவதாகத் தெரியும்.) திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்பவர்களிடம் போங்கள். டீ ஆற்றும் மாஸ்டரின் கை மேலே போய் நிற்கும் அந்த நொடி, நிமிஷத்துக்குப் பத்துத் தடவை திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு. பரோட்டா வீசுபவர், பூ கட்டும் அக்கா, கரும்புச்சாறு பிழிபவர் எல்லோரும் இப்படித்தான். ஒரே பக்கத்தில் மூன்று நிலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் தொடங்கிவையுங்கள். அவர் எந்த நிலைக்குத் திரும்புகிறாரோ அந்தப் படத்துக்குத் தாவுங்கள். டீ குடிப்பவர் பாதியில் போனால் அடுத்து வருபவரும் கிளாஸின் விளிம்பை அதேபோலத்தான் பிடிப்பார், சூடு எல்லோருக்கும் ஒன்றுதானே. ஒருவரின் தலையும் இன்னொருவரின் கையுமாக ஒட்டுப்போட்ட ஆட்கள் என் நோட்டில் நிறைய உண்டு.

ரங்கநாதன் தெரு மாதிரிக் கூட்டத்தில் ஒவ்வொருவராக வரைய ஆரம்பித்தால் தீபாவளியே முடிந்துவிடும். கூட்டத்தை ஒரே நிழல் திட்டாகப் போட்டு, மேல் விளிம்பில் மட்டும் தலைகளை மேடு பள்ளமாகக் காட்டி, முன்னால் இருக்கும் ஒன்றிரண்டு பேரை மட்டும் பிரித்து எடுங்கள்.

போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டில் வரையலாமே என்பார்கள். வரையலாம், அது வேறு வேலை. 2007-ல் சியாட்டிலில் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் காம்பனாரியோ தொடங்கிவைத்த அர்பன் ஸ்கெச்சர்ஸ் இயக்கத்துக்கு நேரில் பார்த்து, இருந்த இடத்திலேயே வரைவதுதான் அடிப்படை. நான் அவ்வளவு கறார் இல்லை, நிழலை மட்டும் வீட்டில் சேர்ப்பது உண்டு. ஆனால் முகம் விட்டுப்போன படத்தில் வீட்டுக்கு வந்து முகம் வைக்காதீர்கள். அது எப்போதும் உங்கள் மாமா ஒருவரின் முகமாகவே முடியும்.

கருவி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய நோட்டு வேண்டாம், ஏ5 போதும். மடிக்குள் அடங்கும், பக்கத்துச் சீட்காரரின் விலாவில் இடிக்காது. ரப்பரை வீட்டில் வையுங்கள். தப்பான கோட்டின் மேலேயே சரியான கோட்டைப் போடலாம், அழிக்கும் நேரத்தில் ஆள் இறங்கிவிடுவார். சாதாரண பால்பாயின்ட் பேனா அருமையான பொருள், மெல்ல அழுத்தினால் சாம்பல், பலமாக அழுத்தினால் கறுப்பு. மே மாதம் கைக்குக் கீழே கைக்குட்டை இல்லாவிட்டால் வியர்வையில் தாள் ஊறிப்போகும்.

முறைத்துப் பார்ப்பது

படம் கெட்டால் இன்னொன்று வரையலாம். இது அப்படியல்ல. ஆரம்பத்தில் ஒருமுறை எதிர் இருக்கைப் பெண்ணைக் குறுகுறுவென்று பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தேன். அவர் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டார், பையை மார்போடு சேர்த்துக்கொண்டார், அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வேறு பெட்டிக்குப் போய்விட்டார். நான் வரைகிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நோட்டு மடிக்குள் ஒளிந்திருந்தது. ஒளித்து வரைவதுதான் தப்பு என்று அன்றைக்குப் புரிந்தது. இப்போது நோட்டைத் தெரியும்படி வைத்துக்கொள்கிறேன். பார்வை பட்டால் சிரித்து நோட்டைக் காட்டுகிறேன். முகம் சுளித்தால் நிறுத்திவிடுகிறேன், பேச்சே இல்லை. குழந்தைகள் என்றால் கூட இருப்பவரிடம் கேட்டுவிட்டுத்தான். ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டிருப்பவர், நடைபாதையில் சுருண்டு கிடப்பவர், இவர்களை வரையும்போது நோட்டைக் காட்டச் சொன்னால் காட்ட முடியுமா என்று யோசித்துக்கொள்கிறேன். பெரும்பாலும் முடியாது, அதனால் வரைவதில்லை.

காட்டினால் திட்டு விழும் என்று பயந்த காலம் உண்டு. இதுவரை விழுந்ததில்லை, விமர்சனம்தான் விழுந்திருக்கிறது. எங்கள் தெரு டீ மாஸ்டரை ஒரு வாரம் தினமும் காலையில் வரைந்து, கை ஏறும் நிலை, தோள், எடை எல்லாம் ஒருவழியாகப் பிடிபட்ட ஒரு பக்கத்தைப் பெருமையாகக் காட்டினேன். முகத்தை வழக்கம்போலக் காலியாக விட்டிருந்தேன். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எல்லாம் சரி தம்பி. மீசை எங்க?"

பேனாவை எடுத்து இரண்டு கோடு போட்டுக் கொடுத்தேன்.