நாய்க்குத் தண்ணீர் வைக்கும் சட்டியைத் தடவிப் பாருங்கள்

மதுரை கத்திரி வெயிலுக்கு நாய்க்குச் சட்டி நிறையத் தண்ணீர் வைத்தால் மட்டும் போதாது, உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள், வழுவழுவென்று இருந்தால் அது கிருமிப் படலம், தண்ணீரை மாற்றினால் போகாது, தினமும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். மானாமதுரை மண்சட்டி கிடைத்தால் நல்லது, நீர் கசிந்து ஆவியாவதால் குளிர்ச்சி நிற்கும், நிழலில் வையுங்கள்.

அப்புறம், நாய் சோர்ந்து கிடந்தால் பிடரித் தோலை மெல்லத் தூக்கி விடுங்கள். உடனே படியாமல் மடிப்பாகவே நின்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கலாம். வயதான நாய்க்குத் தோல் தளர்ந்திருக்கும், அதற்கு ஈறு பிசுபிசுவென்று ஒட்டுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் வாயில் தண்ணீரைத் திணிக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போய்விடுங்கள்.