வாத்து நெஞ்சுக்கறி: சூடில்லாத வாணலியில் தொடங்குங்கள்

பிரெஞ்சு பாணி வாத்து விருந்துக்கு முழு வாத்து தேவையில்லை. தென்மேற்குப் பிரான்சின் காஸ்கனிப் பகுதியில் 'மக்ரே' எனப்படும் கொழுத்த நெஞ்சுக்கறி, 350 முதல் 400 கிராமில் ஒன்று கிடைத்தால் இருவருக்குப் போதும்.

தோலுக்கடியில் இருக்கும் தடித்த கொழுப்பை உருக்கி எடுப்பதில்தான் வித்தை இருக்கிறது. ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, தோலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். கத்தி கொழுப்போடு நிற்க வேண்டும். கறியில் பட்டால் சாறு கசிந்து தோல் மொறுமொறுப்பாகாது. உப்பு தடவி, தோல் கீழே இருக்கும்படி சூடில்லாத வாணலியில் வையுங்கள். ஒரு சொட்டு எண்ணெய்கூட வேண்டாம். அதன் பிறகே அடுப்பைப் பற்றவைத்து, தீயை அடக்கமாக வையுங்கள். சூடேறிய வாணலியில் போட்டால் தோல் கருகிவிடும், கொழுப்போ உள்ளேயே தங்கிவிடும்.

12 முதல் 15 நிமிடங்களில் தோல் பொன்னிறமாகும். இடையிடையே கொழுப்பைக் கிண்ணத்தில் வடித்துக்கொள்ளுங்கள். பிறகு திருப்பிப் போட்டு 3, 4 நிமிடம். இறக்கியதும் நறுக்காதீர்கள், 8 நிமிடமாவது ஆறவிட்டால்தான் சாறு கறியிலேயே நிற்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் நடுப்பகுதி இளஞ்சிவப்பாக இருக்கும்போதே பரிமாறுவார்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முழுதாக வேகவைத்தே கொடுங்கள். அமெரிக்க வேளாண் துறை பரிந்துரைக்கும் உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸ்.

அதே வாணலியில் ஆரஞ்சுச் சாறு, கொஞ்சம் வினிகர், சர்க்கரை சேர்த்துச் சுண்டவைத்து, கடைசியில் வெண்ணெய் கலந்தால் சாஸ் தயார். வடித்த கொழுப்பைத் தயவுசெய்து கொட்டிவிடாதீர்கள். பிரான்சின் சார்லா ஊர்க்காரர்கள் செய்வதுபோல உருளைக்கிழங்கை அதில் வறுத்து, பூண்டும் பார்ஸ்லியும் தூவுங்கள்.